ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்

மோட்டார் சைக்கிளின் பழைய சைலன்சரில் கடைசி நட்டு பிடிவாதமாக இருந்தது. முந்தின நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தும், பத்தொன்பது வருட வெப்பத்தையும் பனிக்காலச் சாலை உப்பையும் வாங்கித் தடித்துப்போன அது, ஹார்ட்மூட்டின் ஸ்பேனருக்குக் கால் சுற்று விட்டுக்கொடுத்துவிட்டு மீண்டும் இறுகிக்கொண்டது. இந்த இடத்தில் அவசரம் கூடாது. இன்னும் சற்று வலு கொடுத்தால் நட்டு கழலலாம். அல்லது அதைத் தாங்கும் ஸ்டட் என்ற திருகுத்தண்டு இஞ்சினுக்குள்ளேயே முறிந்து, வேலை ஒரு நாளிலிருந்து ஒரு மாதமாகலாம். முறிவதற்குச் சற்று முன் இரும்பு மெலிதாக ஒரு கீச்சொலி எழுப்பும். முப்பத்தைந்து வருடமாக அவர் கையை வழிநடத்தியது அந்த ஒலிதான்.

"நிறுத்துப்பா, கத்துது" என்றாள் ஸ்வென்யா.

ஹார்ட்மூட் கையை எடுத்தார். "தெரியும்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டார்ச்சைப் பிடித்தபடி முழந்தாளிட்டிருந்த மகள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, விளக்கை மீண்டும் நட்டின் மேல் திருப்பினாள். டோர்ட்முண்டில் டிராம் ஓட்டுபவள் அவள். முப்பத்து மூன்று வயது. வார இறுதிக்கு வந்தவளை, விளக்குப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்று சொல்லித்தான் அவர் கராஜுக்கு அழைத்திருந்தார். அது உண்மையில்லை. விளக்கைத் தொங்கவிட அங்கே கொக்கி இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காது. அதை அவர் தனக்கே இன்னும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் தொடங்கியது அது. முதலில் அடுப்பு மணி அடித்தது தெரியவில்லை. பிறகு சமையலறையிலிருந்து மனைவி குட்ரூன் சொல்லும் வாக்கியங்களில் மெய்யெழுத்துகள் உதிர்ந்து, உயிரெழுத்துகள் மட்டும் அறைக்கு வந்து சேர்ந்தன. இந்த மார்ச்சில் ஒரு நாள் காலை, எதிர்வீட்டுக் கூரை முகட்டில் கறுப்புப் பறவை அலகைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தார். சன்னல் மூடியிருப்பதால் பாட்டு எட்டவில்லை என்று நினைத்து அதைத் திறந்தார். பறவை தொடர்ந்து அலகைத் திறந்து மூடியது. அவர் சன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அக்டோபரின் கடைசி ஓட்டத்தில், லென்னே ஆற்றோரச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தன் வண்டியே காற்றில் கரைந்து காணாமல் போவதை உணர்ந்தார். கியர் மாற்ற, இஞ்சின் வேகத்தைக் காட்டும் சுழற்சிமானியின் முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது, முதல் வாரப் பயிற்சிக்காரனைப் போல. வீடு திரும்பிய அந்த வாரமே இன்னும் சத்தமான புதிய சைலன்சருக்கு எழுதிப் போட்டார். பழையதைவிட நான்கு கிலோ எடை குறைவு என்று குட்ரூனிடம் விளக்கினார். அவர் வயிற்றில் அதைவிட அதிகமாகக் குறைக்கலாமே என்றாள் அவள்.

வரும் புதன்கிழமை ஏப்ரல் முதல் தேதி. ஹார்ட்மூட்டின் மோட்டார் சைக்கிள் குழுவினருடைய வண்டிகளின் எண் பலகையில் நான்கு, பத்து என்று இரண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருந்தன: நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை மட்டுமே சாலைக்கு உரிமை. குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த பதினொரு வண்டிகள் அன்று மாலை மான்கொம்பு விடுதியின் முற்றத்தில் வரிசையாக நிற்கும். இஞ்சின்கள் ஓடும். ஹார்ட்மூட் கைகளைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொன்றின் அருகிலும் குனிவார். குறை தெரிந்தால் வால்வு, என்பார். சங்கிலி, என்பார். பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் பெட்ரோல் தொட்டியை இருமுறை தட்டுவார். அந்தத் தட்டு கிடைத்தவன் உள்ளே போய்ப் பியர் சொல்லலாம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர்களுடைய வசந்தத்தின் தொடக்கம். இந்த வருடமும் அவர் குனிந்தாக வேண்டும்.

நட்டு கழன்றது. இஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் இரு பெண்ட் பைப்புகளும் கழன்று வந்தன. பைப்பும் இஞ்சினும் சேரும் துளைக்குள் ஒரு செம்பு வளையம் இருக்கும். புகை ஒழுகாமல் அடைப்பது அதுதான். பழைய வளையத்தைக் கொக்கியால் இழுத்தெடுத்துவிட்டே புதியதைப் பொருத்த வேண்டும். முன் சிலிண்டரின் வளையம் கரிபிடித்து வெளியே வந்து அவர் கையில் விழுந்தது. பின் சிலிண்டரை எட்டுவதற்குச் சட்டகத்தின் அடியில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. ஸ்வென்யா காப்பி எடுத்துவர வீட்டுக்குள் போயிருந்தாள். கொக்கி எதையோ பற்றி இழுத்தது, ஏதோ விடுபட்டது, முகத்தில் கரித்தூள் உதிர்ந்தது. வளையமும் விழுந்து எங்கோ உருண்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். முன்பானால் சிமெண்டுத் தரையில் செம்பு விழும் கிணுக்கென்ற ஓசைக்காகக் காத்திருந்திருப்பார், அது வராவிட்டால் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்திருப்பார். இப்போது ஓசை வராதது எதற்கும் சான்றாக இல்லை. எழுந்து விளக்கைப் பிடித்துத் தரையில் தேடலாம். தேடுவதென்றால், கேட்கவில்லை என்று தன்னிடமே சொல்வதாகும். அவர் புதிய வளையத்தைக் கிரீஸ் தொட்டு உள்ளே ஒட்டவைத்தார்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதிய பைப்புகளை நட்டுகளில் விரலால் ஏற்றி, எதையும் இறுக்காமல் சைலன்சரைத் தொங்கவிட்டு, எல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்த பிறகே இஞ்சின் பக்கத்திலிருந்து மாறி மாறி இறுக்கிவந்தார். ஸ்வென்யா உலோகத்தின் மீதிருந்த கைரேகைகளை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். முதல் சூட்டில் அவை அப்படியே பதிந்துவிடும். வேலை முடியும்போது மணி பன்னிரண்டரை. பச்சைப் பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டிகளுடன் லோத்தார் வந்து சேர்ந்தார். அடுத்த தெருக்காரர், குழுவில் ஹார்ட்மூட்டின் மிகப் பழைய தோழர். இஞ்சின் சத்தத்துக்கும் காப்பி இயந்திரத்தின் சத்தத்துக்கும் வேறுபாடு தெரியாதவர் என்று எல்லோரும் கேலி செய்யும் மனிதர்.

"என்னடா இது, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி பளபளங்குது" என்றார் சைலன்சரைப் பார்த்து. "வண்டி உன்னோடதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க."

கராஜ் கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஹார்ட்மூட் வண்டியை உயிர்ப்பித்தார். ஏதோ வந்தது, கம்பளிக்குள் சுற்றிவைத்தது போல, அடிவயிற்றில் மட்டும் உணரக்கூடிய ஓர் அதிர்வு. அவர் எதிர்பார்த்தது இதுவல்ல. சைலன்சரின் வாயில் சத்தத்தைக் குறைக்கும் தடுப்புக் குழல் ஒன்று ஒற்றைத் திருகாணியில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுச் சாலையில் போனால் வண்டியின் அனுமதியே செல்லாது. இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் திருகாணியைக் கழற்றத் தொடங்கியபோது, முற்றத்தில் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கத்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். ஸ்வென்யா தெருவைப் பார்த்தாள். ஒன்றுமுதல் மூன்றுவரை தெருவில் யாரும் சத்தம் எழுப்பக் கூடாத மதிய அமைதி நேரம். ஒரு மணிக்கு மேல் ஐந்து நிமிடம் புல்வெட்டிய ஒருவனை ஹார்ட்மூட்டே வேலிக்கு மேலாகக் கண்டித்திருக்கிறார்.

இரண்டாம் முறை இஞ்சின் எழுந்தபோது சன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஹார்ட்மூட் கண்களை மூடிக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு அது திரும்பி வந்திருந்தது: இரு சிலிண்டர்களின் சமமற்ற நடை, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எழும் கரகரப்பு, அடங்கும்போது வரும் முனகல். முழங்காலில் கைவைத்து, புதன்கிழமை குனிவதைப் போலவே, அவர் குனிந்தார். முகத்தில் இருந்த கரியையும் மீறி அதில் ஒரு தெளிவு வந்தது. பெட்ரோல் தொட்டியை இருமுறை தட்டினார்.

"பிசிறே இல்ல" என்றார்.

கண்ணைத் திறந்தார். ஸ்வென்யாவும் லோத்தாரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவரையொருவர்.

"பின் சிலிண்டர்ல ஒழுகுதுப்பா" என்றாள் அவள், இஞ்சினுக்கு மேலாகக் குரலை உயர்த்தி. "டிக் டிக்குன்னு. நல்லா கேக்குது."

அவர் மீண்டும் குனிந்தார். இம்முறை காதை இஞ்சினுக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோனார். வெப்பம் கன்னத்தில் அறைந்தது. கரகரப்பு இருந்தது. முனகல் இருந்தது. அவற்றுக்கு மேலே, அவள் சொல்லும் இடத்தில், எதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் லோத்தார்.

"பொய் சொல்லாதீங்க மாமா. அதுக்குத்தான இவ்வளவு நேரமா அந்தச் சிலிண்டரையே பாத்துட்டு நின்னீங்க?"

மாதா கோயில் கோபுரக் கடிகாரம் ஒரு மணியைக் காட்டியது. ஹார்ட்மூட் சாவியைத் திருப்பினார். தெரு சட்டென்று காலியானது போலிருந்தது. இனி மூன்று மணிவரை எதையும் நிரூபிக்க வழியில்லை.

கவிழ்த்த பியர்ப் பெட்டிகளில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரொட்டிகள் காகிதத்திலேயே இருந்தன. தேய்ந்த பேரிங் எது, தளர்ந்த வால்வு எது என்று ஊரே தன்னிடம் கேட்டுக்கொண்ட காலத்தை ஹார்ட்மூட் நினைத்தார். ஊர் கேட்டதற்கும் தான் சொன்னதற்கும் நடுவில் எப்போது வெற்றிடம் விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்க முயன்றார். போன ஏப்ரலில் எல்லா வண்டிக்கும் தட்டுக் கிடைத்தது. நல்ல வருடம் என்று அன்று பெருமைப்பட்டிருந்தார். இலையுதிர் காலம் என்று அவர் குறித்துவைத்திருந்த தொடக்கம் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

"போன வருஷம் உன் வண்டி?" என்று கேட்டார், லோத்தாரைப் பார்க்காமல்.

லோத்தார் வெங்காயத்தை ரொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அதே ரொட்டியின் மேல் மறுபடி வைத்தார். சங்கிலி, என்று ஒப்புக்கொண்டார். எலி மாதிரிக் கத்திக்கொண்டிருந்ததாம். அடுத்த நாளே மாற்றிவிட்டாராம். வேறு மூன்று பேரும் ஏதேதோ மாற்றினார்களாம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"குட்ரூனுக்கு?"

"அம்மாவுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றாள் ஸ்வென்யா. "நீயா சொல்வேன்னு காத்துட்டிருக்கா."

ஹார்ட்மூட்டின் கழுத்து சிவந்தது. பதினொரு பேர் ஒரு வருடமாகத் தன்னைச் சுற்றி நாடகமாடியிருக்கிறார்கள். குருடனுக்குச் சாலை கடக்க உதவுவதைப் போல, அவன் அறியாமலே. வெட்கத்தைவிட மோசமாக இருந்தது அந்தப் பரிவு. "அப்ப எதுக்குடா வரிசையில நின்னீங்க?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. அதையும் அவரால் அளக்க முடியவில்லை. "சிரிக்கவா?"

லோத்தார் நிமிர்ந்தார். வழக்கமான கேலி அவர் முகத்தில் இல்லை.

"வண்டி சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்க பட்டறை இருக்குடா. நீ குனிஞ்சு பாக்கலேன்னா எங்களுக்கு ஏப்ரல் ஒண்ணு வந்த மாதிரியே இருக்காது. அவ்வளவுதான்." சற்று நிறுத்தி, "உனக்குக் காது கேட்டப்பவும் நீ சொன்னதுல பாதிய நான் மாத்தினதே இல்ல" என்றார்.

ஸ்வென்யா சிரித்துவிட்டாள். ஹார்ட்மூட் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டார். காது மருத்துவரிடம் போகலாம், அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கூட வருகிறேன் என்று மகள் சொன்னபோது, பார்க்கலாம் என்றார். அந்தச் சொல் அவர் வாயில் மறுப்பாகத்தான் எப்போதும் வரும். இன்று அது என்னவாக வந்தது என்று அவருக்கே நிச்சயமில்லை. பிறகு மூவரும் ரொட்டிகளைத் தின்று முடித்தார்கள். குளிரும் உலோகம் எழுப்பும் சிறு ஒலிகளை மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருப்பதை, அவர்கள் கண்கள் அவ்வப்போது வண்டியின் பக்கம் போவதிலிருந்து அவர் அறிந்தார்.

மூன்று அடிக்கச் சற்று இருக்கையில் எழுந்தார். கருவிப் பலகையில் கிடந்த தடுப்புக் குழலைத் துடைத்து, சைலன்சரின் வாய்க்குள் செருகி, திருகாணியை முடுக்கினார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பான் புட்டியில் ஊற்றித் தரும்படி ஸ்வென்யாவிடம் கேட்டார். அவள் கொண்டுவந்ததும், ஆறிப்போயிருந்த பின் சிலிண்டரின் இணைப்பைச் சுற்றித் தெளிக்கச் சொல்லிவிட்டு, சட்டகத்தின் அடியில் மல்லாந்து படுத்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். மாதா கோயில் மணி அடித்திருக்க வேண்டும். லோத்தார் சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் மீண்டும் கம்பளிக்குள் போயிருந்தது. முதுகுக்குக் கீழே சிமெண்டு லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். அவர் இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புநீர் வழிந்து சொட்டியது. பிறகு, பைப்பும் இஞ்சினும் சேரும் விளிம்பின் மேல்பக்கத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு குமிழி புடைத்து வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"பழைய வளையம் உள்ளயே இருக்கு" என்றார் கீழிருந்து. "நான்தான் எடுக்காம விட்டுட்டேன். அது விழுந்துச்சா இல்லையான்னே எனக்குக் கேக்கல, ஸ்வென்யா."

அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் தடவை. மகளின் முகம் சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே தாழ்ந்து வந்தது. இஞ்சினை நிறுத்தச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். டார்ச்சை நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, விடுபட்ட கையின் ஆள்காட்டி விரலால், ஒவ்வொரு குமிழி வெடிக்கும்போதும், குளிர்ந்த தரையில் ஒருமுறை தட்டத் தொடங்கினார்.

"இப்படியா கேக்குது?" என்று கேட்டார்.

ஸ்வென்யா கண்களை மூடிக் கேட்டாள். அவர் விரல் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. விளிம்பில் குமிழிகள் எழுந்தன, உடைந்தன. உடையும் கணத்தில் ஒவ்வொன்றும் டார்ச் ஒளியில் ஊதாவாகவும் பச்சையாகவும் ஒருமுறை மின்னியது.