உண்ணிப் பிரிவில் ஒரு கழித்தல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதை எழுத உட்கார்ந்தது நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலக அறையின் மேல் உள்ள ஆசையால்தான். கதை என்று என்னிடம் அப்போது எதுவும் இல்லை.

முதல் தொடக்கம்: "மழை விட்ட காலையில், காட்டோரப் பாதையில் ஒரு..." வேண்டாம். உண்ணியை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

2

நாங்கள் பார்த்ததெல்லாம் தொலைபேசியைத்தான். உண்ணி கடித்துக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்கிறவர்களை நாடு முழுவதும் எண்ணும் பிரிவு அது. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிடுவோம். மலையடிவாரத்து எழுத்தர் எண்களை ராகம் போட்டுச் சொல்வார். இன்னொரு அம்மாள், என் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்த பிறகுதான் கணக்கையே தருவார். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. இப்போது எல்லாம் கணினியில் தானாக வந்துவிடுகிறதாம். அந்தக் குரல்களுக்காக இன்னும் ஏங்குகிறேன்.

(ஏக்கம் எல்லை மீறுகிறது. கதைக்கு வருகிறேன்.)

3

எதிர் மேசையில் கழித்தலக்கா. சின்ன மருத்துவமனை கைவிரித்ததும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் கணக்கில் ஏறிவிடுவார். பெயர்கள் எங்களுக்கு வராது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்தத் தெரு எல்லாம் ஒத்துப்போனால் அக்கா ஒன்றைக் கழித்துவிடுவார். "ஒருத்தரை ரெண்டா எண்ணி ஊரைப் பயமுறுத்தக் கூடாதுடி" என்பார். சேர்ந்தவர்களை எண்ணுவது மட்டும்தான் எங்கள் வேலை. பிழைத்தார்களா என்பது வேறு பிரிவின் பாடு.

ஆண்டறிக்கை வெளியான பிறகு ஓர் இளம்பெண் வந்து நின்றாள்.

"எங்க ஊர்ல ஒருத்தர்தான் சேர்ந்தாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நாங்க ரெண்டு பேர் சேர்ந்தோமே."

"ஒரே ஆளை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருப்பாங்கம்மா," என்றார் அக்கா.

"இல்லைங்க. அவளை ஒரு ஆஸ்பத்திரி, என்னை ஒரு ஆஸ்பத்திரி. நாங்க இரட்டைப் பொண்ணுங்க. நான் வீட்டுக்கு வந்துட்டேன். அவ வரலை." பிறகு கேட்டாள்: "அந்த ஒண்ணு யாருங்க? நானா, அவளா?"

அக்கா நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணைத் திருத்தச் சொல்லி மேலதிகாரியின் அறைக்குள் போனார்.

4

முடிவு ஒன்று: மேலதிகாரி உடனே திருத்துகிறார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: "அச்சானது அச்சானதுதான்" என்கிறார். அக்கா அன்றைக்கே வேலையை... இல்லை, கை ஓடவில்லை.

இதுவரை படித்த என் கணவர் சொல்கிறார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்துப்போன பொண்ணு கதைக்குள்ள வரவே இல்லையே. சின்னக் கதைக்கு எதுக்கு ரெண்டு பேரு? ஒருத்தியே போதும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அக்கா திருத்தத்தோடு வெளியே வரட்டும், வெறுங்கையோடு வரட்டும், உங்கள் இஷ்டம். ஆனால் இந்தக் கதையில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அவளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.