துளைக்கு ஒரே பெயர்

ஹாலில் கிடத்தியிருந்த கணவரின் முகத்தில் விழுந்த வெயிலை மறைக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான், உள்ளறையிலிருந்து மவுஸ் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"சின்னவன் எங்க, காணோம்?" என்றாள் நாத்தனார். "வண்டி வர்ற நேரம். செத்த வீட்லயும் அவனுக்குக் கம்ப்யூட்டர்தான் பொண்டாட்டி போல."

அவள் உள்ளறைப் பக்கம் நடந்தாள். அந்தச் சத்தத்தைச் சில மாதங்களாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மதியம் மாத்திரை மயக்கத்தில் கணவர் கண்ணயர்ந்ததும் கொழுந்தன் வருவான். அவருடைய வேலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவர் விழிக்கும் முன் நல்ல பிள்ளையாய் வெளியே வந்து காபி கேட்பான். அண்ணன் உயிரைக் கொடுத்துச் செய்த இசை மென்பொருளைத் தம்பி தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான் என்று அவள் நெஞ்சில் ஒரு முள். நோயாளி தாங்கமாட்டார் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இனி எதற்குக் கட்ட வேண்டும்?

கதவைத் திறந்தாள். திரையில் பெட்டி பெட்டியாக இசைக்கருவிகள், பெட்டிக்குப் பெட்டி துளைகள், அவற்றிலிருந்து தொங்கும் வண்ண வண்ண வயர்கள். கொழுந்தன் ஒரு துளையின் பெயரை அழித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டுத் திரையை அணைக்கப் போனான்.

"அணைக்காதீங்க. தள்ளுங்க."

அவளுக்கு இசை தெரியாது. ஆனால் இந்தத் துளைகள் தெரியும். புதுப் பெட்டி எது செய்தாலும் கணவர் முதலில் அவளிடம்தான் கொடுப்பார். "வயரை எங்க சொருகணும்னு தோணுதோ, அங்க சொருகு." அவள் சொருகும்போது திரையைப் பார்க்கமாட்டார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவள் முகத்தையே பார்ப்பார். கண்ணிமைக்கும் நேரம் அவள் தயங்கினால் போதும், அந்தப் பெயர் காலி. "மேடையில வாசிக்கிறவன் தேடிட்டு நிக்கக் கூடாதும்மா. ஒரு வேலைக்கு ஒரே பேர். இடப்பக்கம் வாங்கும், வலப்பக்கம் குடுக்கும். எந்தப் பெட்டியா இருந்தாலும்."

"இந்தச் சாக்குலயாவது என் மூஞ்சியப் பாக்குறீங்களே" என்று அவள் இடிப்பாள்.

இப்போது திரையில் ஒரு பெட்டியின், வாங்க வேண்டிய இடப்பக்கம் 'அவுட்' என்றிருந்தது. பக்கத்துப் பெட்டியில் அதே துளைக்கு 'சிக்னல்' என்று பெயர். இன்னொன்றில் பெயரே இல்லை.

"இப்படிக் கெடுக்கறதுக்குத்தான் அவர் சாகட்டும்னு காத்திருந்தீங்களா?"

"கெடுக்கல அண்ணி. திருத்துறேன். இன்னைக்குப் புது வெர்ஷன் வெளிய போகுது. அண்ணன் பேர்ல."

"யாரு கெடுத்ததை?"

அவன் ஹாலில் அண்ணன் கிடந்த பக்கம் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

தலைக்குள் கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்த புதிதில் ஒரு நாள் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. வழக்கம்போல் வலப்பக்கத்திலிருந்து அவள் வயரை இழுத்தாள், சத்தமே வரவில்லை. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினார். அதுவரை அவர் கத்தி அவள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவும் இல்லை. தப்பு தன்னுடையது என்றே அவள் நினைத்திருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாதுன்னுதானே மத்தியானத்துல வந்தேன். எந்திரிச்சுப் பாத்துட்டு, 'எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன், இல்லடா?'ம்பாரு."

"நீங்க?"

"ஆமாண்ணேம்பேன்."

ஹாலிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "வண்டி இன்னும் அரை மணி ஆகுமாம்! உள்ள ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"வர்றோம்" என்று அவள் ஹாலுக்குக் குரல் கொடுத்தாள். பிறகு கொழுந்தனிடம், "இன்னும் எத்தனை இருக்கு?"

"இதான் கடைசி வரிசை."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸை வாங்கி ஒரு வயரின் நுனியைப் பிடித்தாள். கொழுந்தன் குனிந்து திரையையே உற்றுப் பார்த்தான்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள். "என் மூஞ்சியப் பாருங்க, தம்பி."

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.