ஜாடியில் இரண்டு காலம்

லிஃப்ட்காரர் வீட்டில் மழைக்காலம் தொடங்குவது, அவர் மனைவி கூடத்து மேசை ஜாடியில் காசித்தும்பையும் நாணல்பூவும் வைக்கும் நாளில்தான். சூரியகாந்தி வைத்தால் வெயில். செவ்வந்தி வைத்தால் பனி. வானம் என்ன செய்கிறது என்பது அந்த வீட்டைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். திருமணமான முதல் வருடமே இது தெரிந்துவிட்டது. வெளியே மழை முடியுமுன் அவள் ஆசைப்பட்டு ஒரு கட்டு செவ்வந்தி வாங்கி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் சீசாவில் எண்ணெய் உறைந்தது. லிஃப்ட்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார், மறுநாள் வேலைக்குப் போனார். அதன்பின் அவள் ஊரோடு ஒத்துப்போகப் பழகினாள். வருடத்துக்கு மூன்று முறை பழைய பூவை முழுவதும் எடுத்தாள், ஜாடியை உப்புப் போட்டுக் கழுவினாள், புதிய காம்புகளைச் சாய்வாக நறுக்கி, உயரமானதை நடுவிலும் குட்டையானதை ஓரத்திலும் செருகினாள். ஜாடி காலியாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம் வீட்டில் எந்தக் காலமும் இல்லை. அப்போது யாரும் பேசுவதில்லை. இரண்டு காலத்துப் பூவை ஒரே ஜாடியில் வைக்கக் கூடாது என்பது அவளுடைய ஒரே விதி. ஏன் என்று கேட்டால், பார்க்க நன்றாக இருக்காது என்பாள்.

ஒரு முறை காய்ச்சலில் படுத்து, பூ மாற்ற ஒரு வாரம் தாமதித்தாள். அந்த வாரம் முழுவதும் மழைக்காலத்தின் கடைசி நாளே வீட்டில் திரும்பத் திரும்ப வந்தது. பூ வாடவில்லை. அவளுக்கும் மகளுக்கும் நகம் வளரவில்லை. வெளியே போய்வந்த நேரத்துக்கான தாடி மட்டும் லிஃப்ட்காரருக்கு வளர்ந்தது.

இது பயன்பட்டது அவருடைய அறுபத்திரண்டாம் வயதில். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் குழிகளில் மூச்சோடு போன தூசு நுரையீரலைத் தின்றிருந்தது. "பனியத் தாங்க மாட்டாரும்மா. மழை முடியிற வரைக்கும்னு வெச்சுக்கோங்க," என்றார் டாக்டர். அவள் வீட்டுக்கு வந்து ஜாடித் தண்ணீரை மாற்றினாள். பூவை மாற்றவில்லை.

நான்கு வருடம் மாற்றவில்லை. அவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ அகலத்துக்கு மழை பெய்தது. அதற்கப்பால் தெரு வெயிலில் காய்ந்தது. கீழ் வீட்டுக்காரி கொடியில் போட்ட துணியெல்லாம் நனைந்தது. "அக்கா, உங்க மழையக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கக் கூடாதா?" என்று மாடியைப் பார்த்துக் கத்துவாள். பிறகு கொடியை நகர்த்திக் கட்டிக்கொண்டாள். வெளியே இறங்கினால் ஊர்க்காலம் பிடித்துக்கொள்ளும் என்பதால் லிஃப்ட்காரர் வாசற்படி தாண்டவில்லை. இறங்கவும் அவரால் முடியாது. ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் போட்டவர் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன்பா. மேலயும் போகல, கீழயும் வரல," என்றார்.

ஐந்தாம் வருடம் மகள் பிரசவத்துக்கு வந்தாள். மருமகன் கப்பலில் வேலை. எட்டாம் மாதம் அது. மூன்று மாடி ஏறி வந்ததில் வலி கண்டுவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, இனி படியில் ஒரு குலுக்கல்கூடக் கூடாது, பிரசவம் இங்கேயேதான் என்றார். அவளைக் கூடத்தில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். எட்டாம் மாதம் ஒன்பதாம் மாதமாகவில்லை. வெளியே பதினான்கு மாதம் போயிற்று. குழந்தை தினமும் மாலை நான்கு மணிக்கு, அதே இடத்தில், அதே உதையை உதைத்தது. முதலில் சிரித்தாள் மகள். பிறகு சிரிக்கவில்லை.

"அம்மா, நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லாததுதான்டி கேக்குது."

தாய் இரண்டு முறை செவ்வந்தி வாங்கினாள். இரண்டு முறையும் படியில் நின்று யோசித்து, கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாவது கட்டை வாசலுக்கு வெளியே வாளியில் வைத்தாள்.

"வாளியில செவ்வந்தி இருக்கே?" என்றார் லிஃப்ட்காரர்.

"கீழ் வீட்டுக்காரிக்குங்க."

"அவ வீட்ல ஜாடியே கிடையாதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். லிஃப்ட்காரர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கூடத்தைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. வாசற்படி தாண்டாமல் கையை மட்டும் நீட்டி வாளியிலிருந்து பூவை எடுத்து வந்து மேசையருகே நின்று மூச்சு வாங்கினார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"லிஃப்ட் நின்னுட்டா முதல்ல உள்ள இருக்கற ஆள வெளிய எடுக்கணும். ரிப்பேரெல்லாம் அப்புறம்."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வேணாம்."

"உன்ன யாரு சொன்னா? அந்தச் சின்ன ஆளச் சொல்றேன்."

அவர் முப்பத்தைந்து வருடம் லிஃப்டுக்குக் கயிறு மாற்றியவர். புதுக் கயிறு எடையைத் தாங்கும்வரை பழையதை அவிழ்க்கக் கூடாது என்பது தொழில். கை அப்படித்தான் பழகியிருந்தது. காசித்தும்பையையும் நாணலையும் இருந்த இடத்தில் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் இருந்த இடைவெளியில் செவ்வந்தியைத் திணித்தார். பழையதை எடுக்கக் கை நீட்டியபோது மகள் வலியில் கத்தினாள். தேங்கியிருந்த மாதம் மொத்தமாக வந்துவிட்டது. அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து, தன் மூச்சு நிற்பதற்காகக் காத்திருந்தார்.

நிற்கவில்லை. ஜாடியிலிருந்து கூடத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கையை நீட்டினால் தெரியும். கட்டில் பக்கம் பனி. ஜன்னல் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. நாற்காலிப் பக்கம் மழைக்காலத்தின் கடைசி நாள், சுவரில் ஈரம் உட்பட. கீழ் வீட்டுக்காரி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் கோட்டின்மேல் நின்று, இடது கைக்குப் புழுக்கமும் வலது கைக்குக் குளிரும் இருப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து கை கழுவினார். மாலை நான்கு மணிக்கு, வழக்கமாக உதைக்கும் நேரத்தில், பேத்தி பிறந்தாள். அவள் அழுதபோது வாயிலிருந்து ஆவி வந்தது. அந்த ஆவி கோட்டுக்கு இப்பால் வந்ததும் காணாமல் போவதை லிஃப்ட்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையிலிருந்து வந்தவள் மகளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், நாற்காலியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். கடைசியாக ஜாடியைப் பார்த்தாள். "இப்படியா வைப்பாங்க? காம்பக்கூட நறுக்காம," என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஜாடியில் ஜன்னல் பக்கப் பூவை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்றுகிறாள். மறுபக்கத்தைத் தொடுவதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று இப்போது சொல்கிறாள். மகள் கப்பல்காரரோடு பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தாள். பேத்தி பகலெல்லாம் இங்கேதான். அவள் நடை பழகியது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. பனி நாளில் கோட்டருகே நின்று ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போவாள். தினமும் மூன்று மணி நேரம் தாத்தா மடியில் உட்கார்ந்து, லிஃப்ட் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று கேட்பாள்.

பள்ளியில் சேர்க்கப் பாட்டிதான் அழைத்துப் போனாள். குமாஸ்தா சான்றிதழைப் பார்த்தார், பேத்தியின் பல்லைப் பார்த்தார். "தேதிப்படி ஆறு வயசு. எங்க ஸ்கூல் டாக்டர் பாத்துட்டு அஞ்சேகால்னு எழுதியிருக்காரு. மீதி ஒம்பது மாசம் எங்கம்மா?"

"அது அவ தாத்தா மடியில இருக்குங்க."

குமாஸ்தா படிவத்தைத் திருப்பி, அதற்கான கட்டம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஓரத்தில் 'ஒன்பது மாதம், தாத்தா மடியில்' என்று எழுதி முத்திரை வைத்தார். பிறகு அடுத்த குழந்தையை வரச் சொன்னார்.