தூசி வெளியே வராத அறை

சாவியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும். பழைய டயர் கிடங்கு ஒன்றைப் பிடித்து, முன்பக்கம் படங்கள் மாட்ட ஒரு கூடம், பின்பக்கம் ஆளுக்கொரு அறை என்று தடுத்து, பதினோரு கலைஞர்கள் தாங்களே நடத்திவந்த இடம் அது. அதன் சாவிக்கொத்து அவளிடம் இருந்தது. முதலாளி கிடையாது, எல்லோரும் சமம் என்பது அவர்கள் கொள்கை. கொள்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கக்கூஸ் அடைத்துக்கொண்டால் மற்ற பத்துப் பேரும் சமமாக மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாவியக்கா!" என்று கூப்பிடுவார்கள். அவளும் ஒரு காலத்தில் மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தவள்தான். இடத்தை நடத்த ஆரம்பித்த பிறகு ஒரு பலகையைக்கூடத் தொடவில்லை. அதற்காக அவள் மூக்கால் அழுததுமில்லை. "நான் பண்ற படம் இந்த இடந்தான்" என்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவளுடைய தங்கை கல் சிற்பி. கடைசி அறை அவளுடையது. கருங்கல்லை மெஷின் வைத்து அறுத்தால் தூசி பறக்காமல் வேறென்ன பறக்கும்? அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் கூடத்தைப் பார்த்து இருந்தது. தூசி அதன் வழியாக வந்து மற்றவர்களின் படங்கள்மேல் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது. ஓவியர் தாடி, அவருக்கு ஆளைவிடத் தாடி பெரிது, தன்னுடைய நீலமெல்லாம் சாம்பலாகிவிட்டதென்று ஒவ்வொரு கூட்டத்திலும் குதித்தார். ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். கடைசியில் சாவியக்காதான் வழி சொன்னாள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம். தொல்லையும் தீரும், படம் மாட்ட நீளமாக ஒரு சுவரும் கிடைக்கும். படம் வரைகிறவர்களுக்கு ஜன்னல் என்பது வீணாய்ப்போன சுவர், அவ்வளவுதான். பதினோரு கையும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது தங்கையின் கை. "அப்பாடா, இனிமே யாரும் என்னத் திட்ட மாட்டாங்க" என்றாள்.

அதற்கப்புறம் படங்கள் பளிச்சென்று இருந்தன. அந்தச் சுவரில் யார் மாட்டுவது என்று அடிதடி நடக்காத குறை. உள்ளே ஒருத்தி மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, அத்தனை தூசியையும் வருஷக்கணக்கில் தானே வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பார்ப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று பீற்றிக்கொள்ளும் பதினோரு பேர்! நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

இருமல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு தன்னுடைய உளிப்பையைத் தூக்கக்கூட அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் தங்கையை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இது கல்குவாரியில வேலை செய்யறவங்களுக்கு வர்றது. இவங்க எங்க வேலை பார்த்தாங்க?"

"எங்க சொந்த இடந்தான் சார்."

"காத்தோட்டமே இல்லாத இடமா?"

சாவியக்கா கையிலிருந்த சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டாள்.

"நுரையீரல்ல பாதிக்கு மேல கல்லாயிடுச்சும்மா. இதுக்கு மருந்து கிடையாது. இருமலுக்குக் கொஞ்சம் தர்றேன், சத்துக்குக் கொஞ்சம் தர்றேன். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க. வருஷம்னு சொல்ற நிலைமையில இல்ல."

வெளியே வந்தபோது தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் சாவியக்கா உண்மையை மென்று விழுங்கினாள். "சளி கட்டியிருக்காம். ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டுட்டு, அலட்டிக்காம படுத்திருந்தா சரியாயிடும்" என்றாள். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். காகிதம், ரசீது, ரிப்போர்ட் எல்லாம் எப்போதும் அக்கா பாடு. தங்கை நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, எழுந்ததும் வாங்குவதற்கு ஒரு கல்லையும் மனதில் பார்த்து வைத்துக்கொண்டாள். நல்ல உயரமான கல், அதில் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்கப் போகிறார்களாம். "வாங்கலாம், வாங்கலாம்" என்றாள் அக்கா. அன்பில் சொன்ன பொய்தான். ஆனால் அதில் பயமும் பாதிக்குப் பாதி கலந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஜன்னலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

மூன்று மாதம் தங்கை சொன்ன சொல் தட்டாமல் படுத்துக் கிடந்தாள். மாடிப்படி ஏறவில்லை, சிநேகிதிகளைப் பார்க்கப் போகவில்லை, கடலைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, "வேணாம், குணமானப்புறம் போயிக்கலாம்" என்று அவளே திரும்பிப் படுத்தாள்.

கடைசி அறையைச் சாவியக்கா பூட்டியே வைத்திருந்தாள். யார் கேட்டாலும் கூரை ஒழுகுகிறது என்றாள். பூட்டிய அறைக்குள் யாரும் சாகப் போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு காலைப்பொழுதில் கூடத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. தங்கை இறங்கினாள். கூடவே ஒரு நடுத்தர வயதுப் பெண், தோளில் சாக்குப்பை. ஆஸ்பத்திரி போகிற வழியில் சாலையோரம் உட்கார்ந்து திறப்புவிழாக் கல்லில் பெயர் வெட்டுகிறவள். தங்கை அவளைப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, ரூம் சும்மாதானே கெடக்குது? நான் வர்ற வரைக்கும் இவங்க இருக்கட்டும். பாவம், வெயில்லயும் மழையிலயும் ரோட்டுல உக்காந்து வெட்டுறாங்க. எல்லார்கிட்டயும் போன்ல கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

"கூரை ஒழுகுதேடி."

"என்னைக்கு ஒழுகிச்சு? எனக்குத் தெரியாமலா?"

தன்னிடமிருந்த சாவியால் தங்கையே கதவைத் திறந்தாள். அரைகுறையாக நின்ற சிலைகள்மேல் தூசி ஒரு விரற்கடை படிந்திருந்தது. வந்தவள் சாக்குப்பையை இறக்கிவைத்து, அண்ணாந்து பார்த்து, கோயிலுக்குள் வந்தவள்போல ஒடுங்கி நின்றாள். தங்கை சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"நல்ல ரூமுங்க. கதவச் சாத்திக்கிட்டா தூசி ஒரு பொட்டு வெளிய போகாது. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நிம்மதியா வேலை பாக்கலாம்."

அந்தப் பெண் இதற்குள் உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கேயே வரலாமா என்று கேட்டாள்.

"இருங்க" என்றாள் சாவியக்கா. "ஒரு வாரம் பொறுங்க. அந்தச் சுவத்த இடிச்சு, மறுபடியும் ஜன்னல் வெச்சுக் குடுக்கறேன். அப்புறமா வாங்க."

தங்கை சிரித்தாள். "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? அந்தச் சுவத்துக்கு எல்லாரும் அடிச்சுக்கறாங்க. எதுக்குக்கா இப்ப ஜன்னல்?"

அக்கா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு தங்கையின் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. அவள் சிலைகளின்மேல் இருந்த தூசியைப் பார்த்தாள். அடைத்த இடத்தைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா ஜன்னல்?"

"தூசி உள்ளயே நிக்குது. அதுதான்..." சாவியக்காவால் நிறுத்த முடியவில்லை. "அதுதான் உனக்கு. சளி இல்ல. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"மாத்திரை?"

"இருமலுக்கும் சத்துக்கும்."

"அப்ப ஆறு மாசம்னு சொன்னது?"

"நானாச் சொன்னது."

வந்தவள் யாரையும் பார்க்காமல் உளிகளைத் திரும்பச் சாக்கில் போட்டுக்கொண்டாள். சாவியை ஒரு கல்லின்மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "வரேங்க" என்று வெயிலுக்குப் போனாள். நல்ல காற்றுக்குப் போனாள். அந்த ஒரு உயிரையாவது காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொள்ளக்கூடச் சாவியக்காவுக்குத் தெம்பில்லை.

தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். ஜன்னலைக் கேட்பாள், உன் யோசனைதானே அது என்று கேட்பாள், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தாள். தங்கை ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லை. கல்மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி வேறொன்றைச் சொன்னாள்.

"மூணு மாசம் படுத்தே கெடந்தேனேக்கா. நல்லாயிடணும்னு, எங்கயும் போகாம, ஒருத்தரையும் பாக்காம, படுத்தே கெடந்தேனே. எனக்கு இருந்ததே அவ்வளவுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சாவியக்கா அழுதுகொண்டே அவள் தோளைத் தொடப் போனாள்.

"தொடாதே. தாடிய வரச்சொல்லு. கடலோரத்துல இருக்கற அவர் வீட்டுக்கு நான் போறேன்."

"நானும் வரேண்டி. உன்ன விட்டுட்டு நான் எப்படி..."

"வேணாம். நீ இரு" என்றாள் தங்கை. குரலில் கோபம்கூட இல்லை. "இடத்தப் பாத்துக்க."