பிரிக்காத மெத்தை

சோமனூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருந்த தம்பிதுரை, மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றும் நடத்திவந்தார். 1996-ம் வருட ஆண்டுவிழாவுக்கு அவர் ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தைகள் வாங்கினார். பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவில்லை. அவருடைய மாருதி கார் சீட்டிலும் வாங்கின நாள் முதல் கவர் இருந்தது. வீட்டு சோபாவிலிருந்து விருந்தாளி எழுந்தால் கவரும் கூடவே ஒட்டிக்கொண்டு எழும். புதுசு என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

மெத்தை வந்துவிட்டதால் ஜிம்னாஸ்டிக்ஸும் வர வேண்டியிருந்தது. தையல் டீச்சர் பொற்கொடியைக் கூப்பிட்டார். விளையாட்டு டீச்சர் வேலையும் அவள் தலையில்தான் இருந்தது.

"கையூனித் தலைகீழா நின்னு, அப்படியே ஒரு கரணம் போட்டு எந்திரிக்கோணுங்க டீச்சர். சீஃப் கெஸ்ட் முன்னால நீங்களே செஞ்சு காட்டீருங்க."

"எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க சார்."

"அதனாலென்னங்க? முடியலீன்னா சொல்லீருங்க. ஈரோட்டுல ஒரு மாஸ்டர் ரெடியா இருக்காரு. தையலும் தெரியுமாமுங்க."

வேலை போய்விடும் என்பதைக்கூட அவர் மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

தினமும் காலையில் வீட்டில் பயிற்சி. ராத்திரி ஷிப்ட் முடிந்து தறியிலிருந்து வரும் கணவன் கதிரேசன், தலைமுடியெல்லாம் பஞ்சோடு அவள் கால்களைப் பிடித்துக்கொள்வான். வாசலில் பழைய இலவம்பஞ்சு மெத்தை. கால் மேலே போனதும் அவள் கத்துவாள்.

"உட்டுப்போடாதீங்க! உட்டுப்போடாதீங்க!"

"உடலை அம்மணி. கத்தாத. உன்னைய அடிக்கறேன்னு எதுத்தூட்டுல நெனச்சுக்குவாங்க."

ஒருநாள் அவளுக்குக் கத்தவும் தெம்பில்லை. முந்தின நாள் முழுக்க விழா உடுப்புகளுக்குப் பட்டன் தைத்திருந்தாள். கால்கள் மேலே நின்றன.

"கை நோவுதுங்க" என்றாள். தலைகீழாகவே பார்த்தாள். கதிரேசன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பயப்படலாமா என்று யோசித்தாள். அதற்கும் அலுப்பாக இருந்தது. தலையை மடக்கிக் கரணம் போட்டு எழுந்து, உலை வைக்கப் போனாள்.

விழாவன்று மேடைக்கு முன்னால் மெத்தைகள் பளபளத்தன. பொற்கொடி கையை ஊன்றிப் பார்த்தாள். கவர் வழுக்கியது. தொலைந்தது என்று நினைத்த பயம் திரும்ப வந்தது.

"சார், இந்தக் கவரைப் பிரிச்சுப்போடட்டுங்களா?"

"ஐயோ, அழுக்காயிருமுங்க!"

மெத்தையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பக்கத்து மண்தரைக்கு நகர்ந்தாள். பிடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று வாசலிலும் இல்லைதானே. கையை ஊன்றிக் காலைத் தூக்கினாள். நின்றாள். கரணம் போட்டு, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்தாள்.

சீஃப் கெஸ்ட் மெத்தைகளைப் பாராட்டி வெகுநேரம் பேசினார். தம்பிதுரைக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"ஒரு கறை படலை பாருங்க! இந்தப் பொறுப்பு ஈரோட்டுக்காரருக்கு வருமுங்களா? நீங்களே இருங்க டீச்சர். அடுத்த வருசம் கையூனாம பல்ட்டி அடிச்சரலாம்."

பின்வரிசை நாற்காலியில் கதிரேசன் தூங்கிக்கொண்டிருந்தான். பொற்கொடி தோளைத் தட்டினாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போலாம்."

கண்ணைத் திறக்காமலே அவன் இரண்டு கைகளையும் காற்றில் நீட்டினான்.

"புடிச்சுட்டுத்தான் இருக்கறேன் அம்மணி."