மீட்ட கார்

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் சிவனேஸ்வரி தன் தம்பி மனைவியின் கழுத்தில் கைவைத்துக் கொடியைத் தேடினாள். அதைக் கழற்றி விக்னராஜாவின் நெஞ்சில் வைக்க வேண்டும், பிறகுதான் மூடி. விரலில் அகப்பட்டது மஞ்சள் நூல்.

“எங்கை சந்திரா, தாலிக்கொடி?”

“வித்திட்டன், மச்சாள்.”

பாடிக்கொண்டிருந்த தேவாரம் நிற்கவில்லை. சிவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். “என்னத்துக்கு?”

“காரை மீட்க.”

“நகையை ஈடு வைச்சு மீட்டவையைக் கண்டிருக்கிறன். நகையை வித்துக் காரை மீட்டவளை இண்டைக்குத்தான் காணுறன். உனக்குக் கார் ஓடவும் தெரியாது!”

சந்திரவதனா கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வென்ட்வேர்த்வில்லில் நடத்திவந்த கடை மூடி, கடன் கட்ட முடியாமல் அவர் வங்குரோத்தானபோது, மிஞ்சியது அந்தக் கார் ஒன்றுதான். சட்டம் விட்டுவைக்கும் பெறுமதியை அது தாண்டியிருந்தது. மேலதிகத்தைக் கட்டினால் வைத்திருக்கலாம், இல்லையேல் ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தொடக்கம் காரைக் கழுவினார். தினமும் கழுவினார், புகுந்த வீட்டுக்குப் போகிற மகளுக்குத் தலை வாரிவிடுவதுபோல. ஐந்தாம் நாள் அவள் ரயிலேறி நகைக்கடைக்குப் போனாள்.

“அவன் நூலைக் கண்டவனோ?”

“கண்டவர். ஒண்டும் கேக்கேல்லை. கார் எங்களுக்குத்தான் எண்டு கடிதம் வந்த அண்டைக்கு, சாவியை எடுத்துக்கொண்டு ‘வாரும், பாண் வாங்கியருவம்’ எண்டார்.”

“கடை பக்கத்திலைதானே.”

“கடையைத் தாண்டியும் ஓடினார். மலையடி வரைக்கும். பாண் முழுக்கக் காருக்குள்ளயே பிச்சுச் சாப்பிட்டு முடிச்சிட்டம்.” அவள் கணவனின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தாள். “இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் எண்டார், மச்சாள். பிள்ளை வேலையால வந்திடுவாள் எண்டு நான்தான் திருப்பச் சொன்னனான்.”

நான்கு நாள் கழித்து, குளியலறையில் அவர் நெஞ்சு நின்றது.

சிவனேஸ்வரி நூலைக் கழற்றப் பார்த்தாள். முடிச்சு இளகவில்லை. அவள் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவளுடைய மூச்சு சந்திரவதனாவின் கழுத்தில் சுட்டது. நூலை மடித்துத் தம்பியின் நெஞ்சில் வைத்தாள். கொடியென்றால் மூடுவதற்கு முன் திரும்ப எடுப்பார்கள்; நூலை அவள் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து, மகள் சிவாஜினி அந்தக் காரை எடுத்தாள். சந்திரவதனா பக்கத்தில் ஏறினாள். வெரிபீயிலிருந்து வந்திருந்த இன்னொரு தம்பியின் காரில் போக வேண்டிய சிவனேஸ்வரி, கேட்காமலே பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

பெருந்தெருச் சந்தியில் சிக்னல் சிவப்பு. வீட்டுப் பக்கம் திரும்பும் விளக்கு டிக் டிக்கென்று அடித்தது.

“அம்மா, வீட்டை தானே?”

சந்திரவதனா மலைப் பக்கம் நேரே போகும் தெருவைப் பார்த்தாள்.

“பிள்ளை,” என்றாள் பின்னாலிருந்து மாமி, “பெற்றோல் கிடக்கே?”

“ஓம் மாமி. ஃபுல்லா கிடக்கு. அப்பா அடிச்சது.”

சிக்னல் பச்சையானது. சிவாஜினி கையை நீட்டி அந்த விளக்கை அணைத்தாள்.