பன்னிரண்டு குரல் பெட்டி

இரவுப் பணி முடிந்து பிரபாவதி குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தபோது தரணிதரன் கட்டில் ஓரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். அவன் ஆபீசுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழைய டேப் ரெக்கார்டரின் பின்னால் ஒயரைச் செருகி, அதைத்தான் ஸ்பீக்கராக வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். அது எதையும் முழுதாக வெளியே விடவில்லை. தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோலக் கரகரத்தது. ஒரு பாட்டை எடுப்பான், நாலு வரி தாண்டுவதற்குள் நிறுத்துவான், எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பான், பனி உள்ளே வருகிறதென்று மூடுவான், மறுபடி உட்கார்ந்து வேறொரு பாட்டை எடுப்பான்.

அவளுக்குக் கண் எரிந்தது. அவள் நர்ஸாக இருக்கும் செம்மேடு ஆஸ்பத்திரியில் அன்றிரவு இரண்டு பிரசவம். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள்ளும் அந்தக் கரகரப்பு வந்தது.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் சமீபம்வரை அவன் கிட்டாரைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. ஒன்றிய அலுவலகத்தில் வேலை கிடைப்பதற்கு முன் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஏழு வருடம் வாசித்தவன் என்பது தெரியும். தோள்வரை முடி வளர்த்து, மேடை விளக்கில் சிவப்பாகத் தெரியும் ஒரு போட்டோ அவன் பெட்டிக்குள் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன் ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்குப் போனவன், பரணிலிருந்து கிட்டாரை இறக்கிக் கொண்டுவந்துவிட்டான். மழை நாள், மலைமேல் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவனுக்குக் கால் தரையில் நிற்காமல் போனது. செல்போனுக்கு டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடந்தான். சாப்பிடும்போது விரல்கள் தட்டின் விளிம்பில் தாளம் போட்டன. எதைக் கேட்டாலும் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு நல்லதா ஒரு பொட்டி வாங்கிருங்க. இந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமும் வரல, நீங்க வாசிக்கிறது என்னன்னும் தெரியல."

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியிலும் ஏதோ ஓர் அவசரம் இருந்தது. "சனிக்கிழம சேலம் போயிட்டு வந்தர்றேன்."

"நானும் வாரேன். தூக்கம் என்னோடதுங்க."

சேலத்தில் ஒரு மாடியில் இருந்தது கடை. அதை வைத்திருந்த சபரீஷ், தரணிதரனின் பழைய குழுவில் கீபோர்டு வாசித்தவன். படியேறும்போதே "அண்ணே" என்று கட்டிக்கொண்டான். அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

தரணிதரன் நேராக மூலையிலிருந்த பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் போனான். உள்ளே கண்ணாடி வால்வுகள் எரியும் பழைய வகை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் குரல் ஒன்றுதான், ஆனால் அந்தக் குரல் அவன் மேடையில் வாசித்த காலத்துக் குரல். ஒரே ஒரு தந்தியை மீட்டினான். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"இதக் கொண்டுபோயி குவார்ட்டர்ஸ்ல வெச்சா ஓடு கழண்டு வந்துரும்" என்றாள் பிரபாவதி.

சபரீஷ் சிரித்தபடி மேசைமேலிருந்த வேறொன்றைக் காட்டினான். கைப்பெட்டி அளவுதான் இருந்தது. "இது மாடலிங் ஆம்புங்க அக்கா. உள்ள கம்ப்யூட்டர் மாதிரி ஒரு சில்லு இருக்குது. இந்தக் குமிழத் திருப்பினா பன்னெண்டு விதமான ஆம்ப் மாதிரி பேசும். பெரிய வால்வு ஆம்ப் மாதிரி வேணுமா, அதுவும் பேசும். எதிரொலி, மழ விழுகிறாப்புல ஒரு நடுக்கம், எல்லாம் இதுக்குள்ளயே. சத்தம் வேண்டாம்னா இந்த ஓட்டைல ஹெட்போன மாட்டிக்கலாம்."

"நகல்தானேடா" என்றான் தரணிதரன். "மிமிக்ரிக்காரன் பேசுற மாதிரி. அசல் அசல்தான்."

ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தான். பிடிக்கவில்லை என்றான். சிறிய சாதாரண ஆம்ப் ஒன்றை முயன்று தள்ளி வைத்தான். மறுபடி வால்வுக்குப் போனான். மறுபடி மேசைக்கு வந்தான். முக்கால் மணி நேரம் போனது. ஆஸ்பத்திரியில் முதல் பிரசவத்துக்கு மனைவியைக் கொண்டுவந்துவிட்டு வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடக்கிற கணவன்மார்களைப் போல அவன் நடப்பதாக அவளுக்குத் தோன்றியது. அவர்களிடம் சொல்வதுபோலவே இவனிடமும் சொன்னாள்: "அப்பிடி ஓரமாத் திரும்பி நில்லுங்க."

அவன் சுவரைப் பார்த்து நின்றான். வால்வையும் சின்னப் பெட்டியையும் சபரீஷுக்குக் கையாலேயே காட்டினாள். சபரீஷ் ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தான்.

"மொதல்ல வந்தது வால்வு" என்றான் தரணிதரன்.

முதலில் வந்தது சின்னப் பெட்டி. இன்னொரு தடவை வாசித்தார்கள். அப்போதும் தப்பாகச் சொன்னான். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னான், ஆனால் குரல் இறங்கியிருந்தது. திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல், ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

கடை சட்டென்று அமைதியானது. தந்தியில் நகம் படும் டக் டக் ஓசை மட்டும் கேட்டது. அவன் கண்ணை மூடியிருந்தான். தலை மெதுவாக அசைந்தது. மூன்று மாதமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டிருந்ததை அவள் கவனித்தாள். இந்த முகத்தை இதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், கை நீட்டினால் தொடலாம்.

"அண்ணனுக்கு இதுதான் சரிங்க அக்கா" என்றான் சபரீஷ். "அங்க ஓட்டல்ல ஒரு நாள் இந்திப் பாட்டு கேப்பான், ஒரு நாள் மலையாளம், ஒரு நாள் இங்கிலீஷு. பன்னெண்டு கொரலும் வேணும். பாஸ்போர்ட் வந்துருச்சுங்களா?"

அவள் தலையைத் திருப்பவில்லை. "இன்னும் வரல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "எத்தன நாளைக்குன்னு முடிவாயிருச்சா?"

"துபாய்ல ரெண்டு வருசம்னுதான் பேச்சுங்க. பழைய குரூப்புல நாலு பேரு போறம். அண்ணன் நாலு விதமா நாலு பாட்டு வாசிச்சு, சிடியில பதிஞ்சு மாசக் கடேசிக்குள்ள அனுப்போணும். புடிச்சிருந்தாத்தான் எடுப்பாங்க." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொன்னாருங்கல்ல?"

"சொன்னாங்க."

தரணிதரன் கண்ணைத் திறந்து, ஹெட்போனைக் கழற்றி, இருவரையும் பார்த்துச் சிரித்தான். "என்ன பேசிட்டிருந்தீங்க?"

"இதையே கட்டச் சொன்னேன்" என்றாள் பிரபாவதி.

ராசிபுரத்தில் பஸ் மாறினார்கள். அட்டைப்பெட்டியை யாரும் மிதித்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி அவள் பக்கம் சரிந்தது. அவள் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பாதி மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். முக்கால்வாசிப் பேர் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

"பாஸ்போர்ட் எப்ப வரும்?" என்றாள்.

அவன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டினான். வெகு நேரம் சுரண்டினான்.

"சபரீசு சொன்னானா?"

"நீங்க கண்ண மூடி வாசிச்சிட்டிருந்தீங்க. அப்ப."

"சொல்லோணும்னுதான் இருந்தேன் பிரபா. நான் வாரப்ப நீ தூங்கிட்டிருப்ப. நீ முழிக்கறப்ப நான் ஆபீசுல."

"மூணு மாசமாத் தூங்கிட்டா இருந்தேன்?"

கீழே லாரிக்காரனுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நாற்காலில உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது" என்றான் கடைசியில். "காத்தால போனதும் பீரோவத் தொறந்து பைல எடுத்து வெக்கறேன். சாயங்காலம் உள்ள வெச்சுப் பூட்டறேன். முப்பத்தி ஆறு வயசாச்சு. இன்னும் இருவத்திரண்டு வருசம் இதே பீரோ. நெனச்சாலே எந்திரிச்சு ஓடலாமான்னு இருக்குது. உன்ன வுட்டுட்டுப் போகோணும்னு இல்ல. அங்க போயி, நெலமயப் பாத்துட்டு..."

"போன வருசம் எனக்கு நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தல் வந்துச்சுங்க" என்றாள் அவள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க ஆபீசு இங்க இருக்குதேன்னு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு."

லாரி இரண்டு முறை முன்னும் பின்னும் போய் வளைவைத் தாண்டியது. இறங்கியவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறினார்கள். சுகாதார நிலையத்தில் துணி துவைக்கும் அத்தாயி முன்சீட்டிலிருந்து திரும்பி, "பொட்டில என்னங் நர்ஸம்மா, டீவிங்களா?" என்று கேட்டாள். "பாட்டுப் பொட்டி" என்று மட்டும் சொன்னாள் பிரபாவதி.

மறுநாள் ஞாயிறு. அந்த வாரம் அவளுக்குப் பிற்பகல் பணி. சமைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவன் பெட்டியை ஸ்டூல்மேல் வைத்து ஒயரைச் செருகியிருந்தான். அவளைப் பார்த்ததும் ஹெட்போனை எடுத்தான்.

"அது வேண்டாங்க" என்றாள். "வெளிய வுடுங்க. நாலு பாட்டுன்னு சபரீசு சொன்னாரு, நாலையும் நான் கேக்கோணும்."

அவன் குமிழை ஒரு குரலில் வைத்துத் தொடங்கினான். முதல் பாட்டில் விரல் இரண்டு இடத்தில் சிக்கியது. நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள், நிறுத்தவில்லை. இரண்டாவதற்குக் குமிழைத் திருப்பினான். அறைக்குள் ஒரு பெரிய மண்டபம் வந்து இறங்கியதுபோல ஒலி விரிந்தது. மூன்றாவதில் அந்த நடுக்கம், சபரீஷ் சொன்ன மழை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து மனதின் ஒரு மூலையில் அவள் ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தாள்: வருடக்கணக்கில் தொடாத கை, சரியாக வராமல் போகட்டும். அவன் நன்றாகத்தான் வாசித்தான். கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல வாசித்தான். இத்தனை நாள் இந்த மனிதனோடு ஒரே அறையில் இருந்து இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காவது பாட்டு முடிந்தது. பெட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாள். "நாலாவது அவசரப்படுது. இன்னும் பழகோணும்."

"பிரபா, நீ என்ன நெனக்கற?"

"எனக்கு நேரமாச்சுங்க."

யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னால் நான்காவது பாட்டு மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை நிதானமாக. ரோட்டுக்கு வருவதற்குள் தேவனூர்ப் பக்கமிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றது. டிரைவர் சின்னராசு தலையை நீட்டினான். "நர்ஸம்மா, ஏறுங்க, ஏறுங்க! வலி நெருங்கிருச்சு!"

பின்சீட்டில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் மாமியாரின் மடியில் சாய்ந்து கிடந்தாள். பிரபாவதி ஏறிக் கீழே குந்தி உட்கார்ந்து அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். நேரம் இருந்தது. அந்தப் பெண் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, வுட்டுட்டுப் போயிராதீங்க."

சொல்ல வேண்டிய பதிலைப் பிரபாவதி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இன்று வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "இங்கதான் இருக்கறேன் கண்ணு" என்றாள். ஜீப் குழியில் இறங்கி ஏறியது. அடுத்த வலி வந்தது. அந்தப் பெண்ணின் பிடி இறுகியது. கடிகாரம் அந்தக் கைகளுக்குள் மறைந்துவிட்டதால் முள்ளைப் பார்க்க முடியாமல், வலி எத்தனை விநாடி நீடிக்கிறதென்று பிரபாவதி வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.